வண்டி யார் பேர்ல?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரன் வந்திருந்தான். மகள் வயிற்றுப் பேரன், தாராபுரத்துக்காரன். பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் எஞ்சினியரிங் முதல் வருஷம் முடித்திருக்கிறான். அவன் ஹாஸ்டலில் இருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் இருபது நிமிஷம்தான். ஆனாலும் மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். வந்தால் அமுச்சி கையால் சாப்பிட்டுவிட்டு, அழுக்குத் துணியை மிஷினில் போட்டுவிட்டு, போனைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பான். அன்றைக்கு அப்படியில்லை. சாப்பிட்ட கையோடு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். ஏதோ காரியம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

"அப்புச்சி, ஒரு கணக்கு இருக்குது. நீங்க பாத்துச் சொல்லோணும்."

மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். 2008-ல் ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் கணக்குக் கேட்டதில்லை. பால் கணக்குக்கூட வீட்டம்மா கைக்குப் போய்விட்டது. அதனால் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். அவனும் மூன்று சிநேகிதர்களும் இரண்டாம் வருஷம் ஹாஸ்டலை விட்டு வெளியே வருகிறார்களாம். சரவணம்பட்டியில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறார்கள். வாடகை 18,000. ஆளுக்கு 4,500. அங்கிருந்து கல்லூரிக்குத் தினமும் வந்துபோக ஒரு பழைய மாருதி ஆல்டோ. 2011 மாடல், விலை 1,20,000. ஆளுக்கு 30,000. "நாலு பேரும் நாலு பைக் வாங்குனா எவ்ளோ ஆவும்னு பாருங்க அப்புச்சி. கார்தான் சீப். மழைல நனைய வேண்டாம், சேஃப்டி வேற" என்றான். போனிலேயே அழகாகக் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தான். கடைசி வரியில் ஹாஸ்டலை விட மாதம் 1,100 ரூபாய் மிச்சம் என்று பச்சை நிறத்தில் இருந்தது.

"அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..." என்று இழுத்தான். ஆக, கணக்குப் பார்க்க இல்லை, சிபாரிசுக்கு வந்திருக்கிறான்.

"நம்ம மாடி ரூம் சும்மாதானே கெடக்குது சாமி, அங்கேயே இருந்துக்கலாமே" என்றேன். பையன் பதில் சொல்லாமல் அமுச்சியைப் பார்த்தான். அவள் எனக்குக் கண் காட்டினாள். பத்தொன்பது வயதுப் பையன் தாத்தா பாட்டி கண்ணெதிரில் இருக்க விரும்புவானா? சரி என்று விட்டுவிட்டேன்.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை நான் தூர எறிவதில்லை. பின்பக்கம் எழுத ஆகும். ஒன்றை எடுத்துக்கொண்டு முதலில் வீட்டைப் பார்ப்போம் என்றேன்.

மாணவர் தங்குகிற விஷயத்தில் எனக்கு ஒரு தகுதி உண்டு. 1994-ல் வீட்டுக் கடன் தவணை கட்ட முடியாமல் திணறியபோது மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்டு ஒரு ரூமும் பாத்ரூமும் கட்டினேன். அடுத்த இருபது வருஷம் அதில் கல்லூரிப் பையன்களுக்குத்தான் வாடகை. இரண்டு பேர், மூன்று பேர் என்று இருப்பார்கள். ஏப்ரல் மாதத்தில் அந்த ஷீட்டுக்குக் கீழே மனுஷன் பகலில் படுக்க முடியாது. நான் ஒருநாளும் படுத்துப் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாடகை வாங்கிய கைக்கு, வாடகை கொடுக்கிறவன் எங்கே சறுக்குவான் என்று நன்றாகத் தெரியும்.

முதல் சறுக்கல் மே மாதம். ஹாஸ்டலில் லீவு விட்டால் மெஸ் பில் நின்றுபோகும். டிவைடிங் சிஸ்டம் இருக்கிற ஹாஸ்டல் என்றால் ஆன செலவை இருக்கிற தலைகளுக்குப் பிரிப்பார்கள், ஊருக்குப் போனவன் தலையில் சாப்பாட்டுச் செலவு விழாது. வாடகை வீட்டுக்கு லீவு கிடையாது. பையன் தாராபுரத்தில் தூங்கிக்கொண்டிருப்பான், சரவணம்பட்டியில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். வருஷத்தில் இரண்டரை மாதம் இப்படிப் போகும். இவன் கட்டத்தில் பன்னிரண்டு மாதத்துக்கும் மெஸ் பில் போட்டு ஹாஸ்டல் செலவைக் கூட்டி வைத்திருந்தான். அதைத் திருத்தியதுமே அந்தப் பச்சை 1,100 பாதிக்குமேல் கரைந்துவிட்டது.

அடுத்தது கரண்ட். இது என் பழைய இலாகா. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் 2016-ல் இருந்து இலவசம். ஆனால் எத்தனை வீட்டுக்காரர்கள் தனியாகச் சின்ன மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று முதல் யூனிட்டில் இருந்தே வாங்குகிறார்கள் தெரியுமா? பையன்கள் கேட்பதில்லை. கேட்டால் வீடு கிடைக்காது. "மீட்டர் யார் பேர்ல, தனி சர்வீஸா, பில்லை நேரா நீங்களே கட்டலாமான்னு கேட்டியா?" என்றேன். கேட்கவில்லை. தண்ணீர்? சிறுவாணி வருகிறதா, போர் தண்ணியா, குடிக்கக் கேன் வாங்க வேண்டுமா? அதுவும் கேட்கவில்லை. அட்வான்ஸ் எவ்வளவு? "ஒரு லட்சம் சொல்றாங்க அப்புச்சி, திருப்பிக் குடுத்துருவாங்கல்ல." 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புது வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியவும் சொல்கிறது. "அக்ரிமெண்ட்ல யாரு கையெழுத்து?" என்றதற்கு, "எவனாவது ஒருத்தன் போடுவாங்க" என்றான்.

எல்லாவற்றையும் விடப் பெரியது நாலாவது ஆள். நாலு பேராகக் குடியேறுகிறவர்கள் நாலு பேராகவே கடைசி வரை இருப்பதில்லை. ஒருவனுக்கு அரியர் விழும், அப்பா கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஒருவன் காதல் தகராறில் பிரிந்து போவான். அன்றைக்கு 4,500 என்பது 6,000 ஆகும். என் மாடியிலேயே 1997-ல் மூன்று பேரில் ஒருவன் தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. மற்ற இரண்டு பேரும் வாடகையைச் சமாளிக்க ராத்திரி வெறும் பன்னும் டீயுமாக ஓட்டினார்கள். அது எனக்குத் தெரிந்தது எப்படி என்றால், வீட்டம்மா ஒருநாள் மாடிக்கு வடகம் காயப்போடப் போனபோது பன் பாக்கெட் காகிதங்களைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அந்த வாரத்தில் இருந்து ராத்திரி ஒரு தூக்குப் போசியில் குழம்பு மேலே போனது. வாடகை குறையவில்லை. குழம்புதான் போனது.

பேரன் இதற்குள் லேசாக வாடிவிட்டான். "சரிங்க, வீட்டை நெகோஷியேட் பண்ணிக்கறோம். காருக்கு வாங்க" என்றான்.

காருக்கு வந்தோம். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. சரவணம்பட்டியில் இருந்து வந்துபோக ஒரு நாளைக்குப் பதினைந்து, பதினாறு கிலோமீட்டர். டவுன் ஓட்டத்தில் பழைய ஆல்டோ அதற்கு ஒரு லிட்டர் குடிக்கும். மாதம் 2,500. இதை நாலாகப் பிரித்தால் சின்னத் தொகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆயிரம் சி.சி.க்குள் இருக்கிற காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வருஷம் 2,094 ரூபாய், வரி தனி. 2011 மாடல் என்றால் 2026-ல் பதினைந்து வருஷம் முடிகிறது. அதற்கு மேல் ஓட்ட வேண்டுமானால் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் முன்பு 600 ரூபாய்தான். 2022 ஏப்ரலில் இருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். புதுப்பிக்கப் போகிறபோது டயர் வழுக்கையாக இருக்கக் கூடாது, லைட் எரிய வேண்டும், புகைச் சான்று வேண்டும். விற்கிறவர் ஏன் இப்போது விற்கிறார் என்று யோசித்தாயா என்றேன். பையனுக்கு இது உறைத்தது.

இதையெல்லாம் விட எனக்குச் சிரிப்பு வந்தது வேறு ஒன்றுக்கு. நாலு பேரும் ஒரே கல்லூரி, ஆனால் நாலு டிபார்ட்மெண்ட். ஒருவனுக்குக் காலை எட்டரைக்கு வகுப்பு, இன்னொருவனுக்கு மத்தியானம் மூன்றோடு முடிகிறது, வேறொருவனுக்கு ஐந்தரை வரை லேப். காரோ ஒன்று. லேப் பையனுக்காக மூன்று பேர் கேண்டீனில் உட்கார்ந்து டீ குடிக்கிற காசை யாரும் கட்டத்தில் எழுதவில்லை. மாணவர்கள் காரைக் கல்லூரிக்குள் விடுவார்களா என்று கேட்டேன். "வெளிய ரோட்டோரம் நிறுத்திக்கலாங்க." அவிநாசி ரோட்டோரமா!

இவ்வளவு வரைக்கும் விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக, கணக்குப் பிள்ளைப் புத்தியில் கேட்டேன்.

"நாலு பேரு காசு போடறீங்க. வண்டி யார் பேர்ல?"

"யார் பேர்ல இருந்தா என்னங்க அப்புச்சி? விக்கறவரு பேர்லயே கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும், அப்பறம் மாத்திக்கலாம்னு சொன்னாருங்க. டெலிவரி நோட்டு எழுதிக் குடுத்துருவாராம்."

சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே அவள் என்னைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

இதுவரை மகளிடமும் சொல்லாத ஒன்றை அன்றைக்குப் பேரனிடம் சொன்னேன். அவனிடம் சொல்லியாகிவிட்டது, இனி இங்கே எழுதுவதில் என்ன வெட்கம்.

2000-ல் மாடியில் மூன்று பையன்கள் இருந்தார்கள். வாடகை 900, அட்வான்ஸ் 5,000. அதில் ஒருவன் சென்னிமலைப் பக்கம், தறிக்காரர் மகன். ஒல்லியாக, வார்த்தை அதிகம் பேசாத பையன். சாயங்காலம் ராமநாதபுரத்தில் இரண்டு வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத் தன் சாப்பாட்டுச் செலவைத் தானே பார்த்துக்கொண்டான். இரண்டு பஸ் மாறிப் போய் வர ராத்திரி ஒன்பதரை, பத்து ஆகிவிடும். என்னிடம் ஒரு டி.வி.எஸ். 50 இருந்தது, 1988-ல் வாங்கியது. அந்த வருஷம் நான் புதிதாக ஸ்கூட்டர் எடுத்ததால் அது வாசலில் சும்மா நின்றது. "சார், தவணையில குடுப்பீங்களா?" என்று கேட்டான். 4,500 ரூபாய் பேசி, மாதம் 500 என்று டிசம்பரில் கொடுத்தேன்.

கொடுக்கும்போது வெள்ளைத்தாளில், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, தேதி மணி எல்லாம் போட்டு ஒரு டெலிவரி நோட் எழுதினேன். இந்த நிமிஷத்தில் இருந்து வண்டியால் வரும் எல்லாப் பொறுப்பும் என்னையே சாரும் என்று அவன் எழுதிக் கையெழுத்துப் போட்டான். வாசகம் நான் சொல்லச் சொல்ல அவன் எழுதியது. என் எழுத்துப் பிழையில்லாத வாசகத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. ஆர்.சி. புக்கில் பெயர் மாற்ற 29, 30 என்று இரண்டு பாரம் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக அரை நாள் லீவு வேண்டும். தவணை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். காசு முழுக்க வராமல் பெயரை மாற்றிக் கொடுப்பானேன் என்ற எண்ணமும் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. அந்த வண்டியின் இன்சூரன்ஸ் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு என்று நான் கட்டவில்லை. இரண்டு மாதம் நானே அப்படித்தான் ஆபீசுக்கு ஓட்டினேன். "இன்சூரன்ஸ் நீ போட்டுக்கோ" என்று அவனிடம் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். டியூஷன் காசில் எனக்கு 500 தவணை கட்டுகிறவன் எங்கே போய்ப் போடுவான்?

2001 ஜூலையில் ஒரு ராத்திரி, மழை தூறிக்கொண்டிருந்தபோது, மில்லில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் மேல் மோதிவிட்டான். அவருக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. இவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஓடிப்போகாமல் அவனே ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். காலையில் ஆறு மணிக்குப் போலீஸ்காரர் ஒருவர் எங்கள் வாசலில் நின்றார். ஆர்.சி.யில் இருக்கிற பெயரும் விலாசமும் என்னுடையதல்லவா?

நான் உள்ளே போய்ப் பீரோவில் இருந்து டெலிவரி நோட்டை எடுத்து வந்து நீட்டினேன். "வித்தாச்சுங்க. ஏழு மாசம் ஆச்சு. எல்லாம் அந்தப் பையன் பொறுப்பு."

அவர் போன பிறகு வீட்டம்மா கேட்டாள்: "ஏனுங்க, வண்டி இன்னும் உங்க பேர்லதானே இருக்குது?"

"வித்தாச்சுன்னு சொல்றேன்ல" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் பையனுடைய அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணை ஓரமாக நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. நான் டெலிவரி நோட்டை அவருக்கும் படித்துக் காட்டினேன். அவர் மகன் கையெழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "செரிங்க சார், எழுதிக் குடுத்துட்டான், அப்ப நாங்கதான பாக்கோணும்" என்றார். அடிபட்டவர் வீட்டிலும் நல்ல மனுஷர்கள். கேஸ் கோர்ட் என்று அலைய அவர்களுக்கும் விருப்பமில்லை. ஆஸ்பத்திரிச் செலவும் நாலு மாதச் சம்பளமுமாக 46,000 என்று பேசி முடித்தார்கள். நான் பெரிய மனது பண்ணி, வண்டிக்கு வாங்கிய 4,500-ஐத் திருப்பிக் கொடுத்தேன். மீதி 41,500 அவர் தலையில். இரண்டு எருமையை விற்று முதல் பாகம் கொடுத்தார். மீதி 20,000-க்கு ஒரு மாதம் தவணை கேட்டிருந்தார்.

அந்த ஒரு மாதத்துக்குள் எங்கள் ஆபீஸ் சட்டப் பிரிவில் இருந்த நண்பர் ஒருவரிடம் டீக்கடையில் இதைச் சொன்னேன். என் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொள்ளத்தான் சொன்னேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யோவ், உன் வெள்ளைத்தாள் உனக்கும் அந்தப் பையனுக்கும் நடுவுலதான். அடிபட்டவனுக்கு அதனால என்ன? புக்குல யார் பேரு இருக்குதோ அவன்தான் ஓனர். இன்சூரன்சும் இல்லை. ட்ரிப்யூனல் போயிருந்தா நஷ்ட ஈடு உன் தலையிலதான் விடிஞ்சிருக்கும். அந்தப் பெரியவர் சத்தமில்லாம முடிச்சுக் குடுக்கறாரு, கும்பிட்டுட்டுப் போ" என்றார்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் வந்தது. விற்றவன் பதினான்கு நாளைக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அரசாங்கத்தில் வேலை பார்த்த எனக்கு இது தெரியாது என்று சொன்னால் நம்ப வேண்டாம். பாதி தெரியும். மீதியை நண்பர் சொல்லிவிட்டார். அப்போது அந்த 20,000 இன்னும் கொடுக்கப்படவில்லை. நான் சென்னிமலைக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். மாடி ஏறிப் பையனிடம் சொல்லியிருக்கலாம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம், கையில் காசு இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காசு இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பெரியவர் வட்டிக்கு வாங்கி அந்தப் பணத்தையும் கொடுத்துவிட்டார்.

அந்த செமஸ்டரோடு பையன் ரூமைக் காலி செய்தான். சூலூர்ப் பக்கம் யாரோ உறவுக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் தங்கிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் பாஸ் வைத்து வந்து படிப்பை முடித்தான் என்று பிற்பாடு தெரிந்தது. காலி செய்தபோது அட்வான்ஸில் அவன் பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். வழக்கம்போல வெள்ளையடிக்க என்று 300 ரூபாய் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு இதை எழுதும்போது 41,500-ஐ விட அந்த 300 தான் அதிகமாகக் குத்துகிறது.

2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று பேப்பரில் வந்தது. ஒரு கார் கை மாறி மாறி விற்கப்பட்டிருந்தும் பதிவில் பெயர் மாறாததால், பதிவில் இருந்தவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று சொல்லியிருந்தார்கள். வீட்டம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, பேப்பரை மடித்து என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கும் முன்னால், ஓய்வு பெற்ற மறு வருஷம், சென்னிமலை முருகனைக் கும்பிடப் போனோம். படி ஏற முடியாது என்று மலைப்பாதையில் காரிலேயே போய் வந்தோம். என் சட்டைப் பையில் ஒரு கவரில் இருபதாயிரம் வைத்திருந்தேன். இறங்கி வந்து விசாரித்துக்கொண்டு தறிக்காரர் வீதிக்குப் போனேன். வீட்டம்மா காரிலேயே இருந்துகொண்டாள். பெரியவர் குழித்தறியில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "சாருங்களா! வாங்க, வாங்க" என்று பாய் விரித்து, மோர் கொடுத்து, மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான், மருமகள் டீச்சர் என்றெல்லாம் சொன்னார். அப்புறம் சொன்னார்: "அன்னிக்கு நீங்க குடுத்தீங்க பாருங்க நாலாயிரத்தி ஐநூறு. அது பெரிய ஒத்தாசைங்க சார். வண்டிக்காசை யாரு திருப்பிக் குடுப்பாங்க?"

அதற்கு மேல் அந்தக் கவரை எப்படி எடுப்பது? எடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். எழுந்து கும்பிட்டேன். வாசல் வரை வந்து இரண்டு பெட்ஷீட்டைக் கையில் திணித்தார். காசு கொடுத்தபோது வாங்கவே இல்லை.

காரில் ஏறியதும் வீட்டம்மா கேட்டாள், "குடுத்தீங்களா?" இல்லை என்றேன். பெருந்துறை வருகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இவ்வளவையும் பேரன் குறுக்கே பேசாமல் கேட்டான். நடுவில் போன் இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை. முடித்ததும், "அந்தண்ணன் பேரு என்னங்க அப்புச்சி?" என்றான். சொன்னேன். எந்த வருஷம், எந்த பிராஞ்ச் என்று கேட்டுக்கொண்டு போனில் என்னவோ தட்டினான். ஐந்து நிமிஷத்தில் ஒரு படத்தைக் காட்டினான். முன் வழுக்கை, மூக்குக் கண்ணாடி. ஆனால் அந்த ஒல்லித் தோள் அப்படியே இருந்தது. ஏதோ கம்பெனியில் மேனேஜராம். "மெசேஜ் போடட்டுங்களா?" என்றான். "வேண்டாம். நானே எழுதறேன்" என்றேன்.

ஆல்டோ சமாச்சாரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மற்ற மூன்று பையன்களும் சேர்ந்து வாங்கப் போவதாகத்தான் முதலில் பேச்சு. இவன் போய், முதலில் பெயரை மாற்று, எவன் பேரில் மாற்றுகிறோமோ அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டு மாற்று என்றதும், யாரும் தன் பேரில் வேண்டாம் என்று பின்வாங்கிவிட்டார்களாம். இவன் இன்னும் ஒரு வருஷம் ஹாஸ்டலிலேயே இருப்பது என்று முடிவு செய்திருக்கிறான். படிப்பு முடித்து ஊருக்குப் போகிற சீனியர் ஒருவனிடம் ஐந்து வருஷப் பழைய ஸ்கூட்டர் ஒன்றை 38,000-க்குப் பேசினான். மாப்பிள்ளை பாதி, நான் பாதி. அந்தச் சீனியரும், "அப்பறம் மாத்திக்கலாங்க தாத்தா, நான் ஊருக்குப் போகோணும்" என்றான். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் கண்ணு, நாளைக்கு இவன் எங்கயாவது மோதுனா போலீஸ் உன்ற வீட்டு வாசல்லதான் நிக்கும்" என்று கையோடு கூட்டிக்கொண்டு போய் இரண்டு பாரத்திலும் கையெழுத்து வாங்கினேன்.

புது ஆர்.சி. அட்டை போன வாரம் ஸ்பீட் போஸ்டில் வந்துவிட்டது. பேரன் வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தான். பெரிதாக்கிப் பெயரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. இன்சூரன்ஸ் பாலிசியிலும் பதினான்கு நாளைக்குள் பெயரை மாற்ற வேண்டும். அது ஆயிற்றா என்று கேட்டிருக்கிறேன். இரண்டு நீலக் கோடு வந்துவிட்டது, பதில்தான் வரவில்லை.

ஓசூர்க் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. காலண்டர் தாளில் 41,500-க்கு இருபத்து நாலு வருஷம், எட்டு சதவீதம், தனி வட்டி என்று போட்டுப் பார்த்தேன். அசலும் வட்டியுமாக 1,21,180 வந்தது. கிட்டத்தட்ட அந்த ஆல்டோவின் விலை. இவ்வளவா அனுப்புவது, பையன் மோதியதற்குப் பாதி கழித்துக்கொள்ளலாமா, அனுப்பினால் அவன் தவறாக நினைப்பானா என்று வீட்டம்மாவிடம் யோசனை கேட்டேன்.

"அந்த வெள்ளையடிச்ச முந்நூறையும் சேத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டாள்.